பெடலுக்குக் கீழே இருந்த ஓட்டை

சரக்கு லாரி ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவனுக்கு மூட்டை என்று பெயர். ஆள் ஒன்றும் பருமன் இல்லை. பலமாகக் காற்றடித்தால் பறந்துபோய்விடுவான் என்று வீட்டில் கேலி செய்யும் அளவுக்கு ஒல்லி. குளிர்காலத்தில் அவன் தூங்கப் போகும் கோலத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. கம்பெனி யார்டில் சூப்பர்வைசர்கூட, "மூட்டை வந்தாச்சா? லோடு ஏத்தச் சொல்லு" என்றுதான் கேட்பார். அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

அவர்கள் ஓட்டுவதெல்லாம் பழைய வண்டிகள். இன்ஜின் ஓடினால்தான் கேபினுக்குள் சூடு. புது வண்டிகளில் படுக்கைக்கென்று தனி ஹீட்டர் உண்டு. இந்தக் கம்பெனி அதற்கெல்லாம் மனசு வைக்கவில்லை. சரி, இரவு முழுக்க இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் ஓடினாலே இன்ஜின் தானாக அணைந்துவிடும்படி ஒரு கருவியைப் பொருத்தி வைத்திருந்தார்கள். ஆக, மலைப்பாதையில் பனியில் மாட்டிக்கொண்டால் ஓட்டுநருக்குத் துணை அவனுடைய உடம்புச் சூடு ஒன்றுதான். அந்தச் சூட்டை விடியும்வரை சிந்தாமல் வைத்துக்கொள்வதை மூட்டை கண்ணும் கருத்துமாகச் செய்வான்.

முதலில் வண்டியை நிறுத்தும் விதம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் கீழே இறங்கி முகத்தில் வாங்கிப் பார்ப்பான். வண்டியின் முதுகு காற்றைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்துவான். சரக்குப் பெட்டி சுவர்போல நின்று கேபினை மறைக்கும். பிறகு முன்கண்ணாடிக்கு அட்டை. கண்ணாடியின் அளவுக்குக் கத்தரித்து விளிம்பில் துணி தைத்த அட்டை அது. வைத்தால் கச்சிதமாக உட்காரும். இருக்கைகளுக்கும் படுக்கைக்கும் நடுவே கனத்த திரை. அதைத் தைத்துக் கொடுத்தது அவனுடைய அக்கா. அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். கழித்துப்போடும் கம்பளிகளில் எது இன்னும் உழைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்புறம் உடம்பு. பகலில் போட்டிருந்த காலுறையோடு அவன் ஒருநாளும் படுக்க மாட்டான். வேர்வை ஊறிய காலுறை விடிவதற்குள் காலை விறைக்க வைத்துவிடும். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி தனிப் பையில் இருக்கும். வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைக்காமல் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்வான். அங்கே ஓடுகிற ரத்தமே சூட்டைப் பாதம்வரை சுமந்துபோகும் என்பது அவன் அனுபவம். பூட்ஸைக் கால்மாட்டில் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொள்வான். இரவில் ஒன்றுக்குப் போகக் கதவைத் திறந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அதற்கு வாய் அகன்ற ஒரு புட்டி. தலையில் குல்லாய் இருக்கும், ஆனால் முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ள மாட்டான். மூச்சின் ஈரம் போர்வையை நனைத்துவிடும். எல்லாம் முடிந்தபின் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி வைப்பான்.

"ஊரையே அடைச்சுட்டு, அதை மட்டும் ஏன்டா தொறந்து வெக்கிறே?" என்று மற்றவர்கள் கேட்பார்கள்.

"மூச்சு வெளிய போக வேணாமா? இல்லன்னா விடியுறப்ப உள்ளேயே பனி பெய்யும்" என்பான்.

லாரிக்கு வருவதற்கு முன் அவன் கண்ணாடிக் கிடங்கு ஒன்றில் பொதி கட்டுகிற வேலையில் இருந்தான். கண்ணாடிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருந்தால் போதும், வழியில் ஆடி ஆடி உடைந்துவிடும். வைக்கோலோ காகிதமோ திணித்து அந்த இடத்தை இல்லாமல் செய்வதுதான் அங்கே வேலை. அவன் கட்டிய பெட்டி உடைந்து திரும்பி வந்ததே இல்லை. அதை அவன் சொல்லிக்கொள்ள மாட்டான். கிடங்கில் இருந்தவர்கள் சொல்வார்கள். எங்கேயாவது ஒரு சந்து கண்ணில் பட்டுவிட்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. வாடகை வீட்டின் ஜன்னலிலும் அப்படித்தான், அக்கா வீட்டுக் கதவிலும் அப்படித்தான். "வந்த இடத்துல காப்பியைக் குடிச்சமா, பேசினமான்னு இரேன்டா" என்று அக்கா திட்டுவாள். அவன் பாட்டுக்குக் கதவிடுக்கில் துணியை மடித்துச் செருகிக்கொண்டிருப்பான்.

மலைப்பாதையில் கம்பெனி எப்போதும் வண்டிகளை ஜோடியாகத்தான் அனுப்பும். மூட்டைக்கு ஜோடி, பெருசு. வயதில் மூத்தவர் என்பதால் எல்லாரும் அவரைப் பெருசு என்றே கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் வசவு. வண்டியைத் திட்டுவார், ரோட்டைத் திட்டுவார், டீக்கடையில் டீயைத் திட்டிக்கொண்டே இரண்டாவது டீ கேட்பார். மூட்டையின் ஏற்பாடுகளைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்புத் தாங்காது.

"என்னடா, பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புற மாதிரி இவ்ளோ சாமானா? நாங்கெல்லாம் ஒரு போர்வையில ஓட்டினவங்கடா."

பழைய ஓட்டுநர்கள் ஒரு போர்வையில் ஓட்டியது உண்மை. கூடவே ஒரு தகர அடுப்பும் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. பெயின்ட் டப்பாவின் பக்கங்களில் ஆணியால் துளை போட்டு, உள்ளே கரியைக் கனலவிட்டு, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு தூங்குவார்கள். ஒருமுறை ஒரு வண்டியில் திரை பற்றிக்கொண்டதிலிருந்து கம்பெனி அதைத் தடைசெய்துவிட்டது. அடுப்போடு பிடிபட்டால் வேலை போகும். எல்லாரையும் போலப் பெருசும் அதைத் தூக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னார்.

அந்த வருடக் குளிர்காலத்தில் பெருசின் கால் மோசமாக இருந்தது. சர்க்கரை நோய். இடது பாதத்தில் தொட்டால் உணர்ச்சியில்லை. இன்னொரு தடவை இந்தக் கால் குளிரில் விறைத்தால் வெட்டி எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாரிடமும் இதை அவர் சொல்லவில்லை. மூட்டையிடமும் டாக்டரைத் திட்டுகிற சாக்கில்தான் சொன்னார்.

"கால் இல்லன்னா கிளட்சை எதால மிதிக்கிறது? அவன் அப்பன் வந்து மிதிப்பானா?"

மூட்டைக்கு அது மனதில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம் அவன் கண் பெருசின் காலிலேயே இருந்தது.

கணவாய்க்கு இந்தப் பக்கம், பாதையை அடைத்துவிட்டால் லாரிகள் ஒதுங்க ஒரு மைதானம் உண்டு. ஓரத்தில் ஒரு டீக்கடை, அதுவும் இருட்டுவதற்குள் மூடிவிடும். அன்றைக்குப் பிற்பகலே பாதையை அடைத்துவிட்டார்கள். மேலே பனி சரிந்திருக்கிறது, நாளைக்குத்தான் திறக்கும் என்றார்கள். மைதானத்தில் இவர்கள் இரண்டு பேரின் வண்டிகளும், தள்ளி ஒரு பால் டேங்கரும் நின்றன. வானம் தெளிந்து கிடந்தது. மேகம் இல்லாத இரவுதான் கொடுமையான இரவு என்று மலைப்பாதையில் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

மூட்டை தன் கேபினைத் தயார்செய்து, பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றிக்கொண்டிருந்தபோது பெருசு ஏறி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். டீயை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பல் தந்தியடித்தது.

"உன் வண்டியில மட்டும் எப்படிடா காத்தே வரல?"

"அடைச்சிருக்கேன் அண்ணே."

"என் வண்டியும் இதே கம்பெனி வண்டிதானே? உள்ள உக்காந்தா ஆத்தங்கரையில உக்காந்த மாதிரி இருக்கு."

கேலி செய்தே பழகிய மனிதர் உதவி கேட்டால் இப்படித்தான் கேட்பார். மூட்டை படுக்கைக்கு அடியிலிருந்து பஞ்சுப் பட்டைகளையும் அகலமான டேப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

பெருசின் கேபினில் காற்று பல இடங்களிலிருந்து வந்தது. கதவின் ரப்பர் காய்ந்து வாய் பிளந்திருந்தது. கண்ணாடி முழுதாக ஏறாமல் சாய்ந்து நின்றது. ஆனால் பெரிய ஓட்டை, கிளட்ச் பெடலுக்குக் கீழே இருந்தது. பெடல் தரைக்குள் இறங்குகிற இடத்தில் இருக்கவேண்டிய ரப்பர் உறை கிழிந்துபோய், ஒரு கைப்பிடி அளவுக்கு வெறும் ஓட்டை. குனிந்து பார்த்தால் கீழே பனி தெரிந்தது. காற்று அதன் வழியாகக் கத்திபோல ஏறியது.

"இதை ஏன் அண்ணே இப்படியே விட்டீங்க? காலுக்கு நேரா இருக்கே!"

"அது கிடக்கட்டும்டா. எத்தனையோ வருஷமா அப்படித்தான் ஊதிக்கிட்டு இருக்கு. மத்ததைப் பாரு."

"இதை விட்டுட்டு மத்ததை அடைச்சு என்ன புண்ணியம்? உங்க காலுக்கு எமனே இதுதான்."

பெருசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, சரி என்ன வேண்டுமானாலும் செய் என்பதுபோலக் கையை வீசிவிட்டுப் படுக்கையில் சாய்ந்துகொண்டார். மூட்டை தரையில் மல்லாந்து படுத்து, பஞ்சைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, மேலே அட்டையைப் பெடல் தண்டுக்கு இடம்விட்டு வெட்டி வைத்து, நாலா பக்கமும் டேப் ஒட்டினான். குளிரில் டேப் பிடிக்காது. ஒவ்வொரு துண்டையும் அக்குளில் வைத்துச் சூடாக்கி ஒட்டினான். விரல் நுனி வெளுத்துப் போனது. கதவு இடுக்குகளை முடித்தான். கண்ணாடியின் விளிம்பை மட்டும் மூச்சு போகட்டும் என்று விட்டுவைத்தான். முடித்தபின் ஈர விரலை அடைத்த ஒவ்வொரு இடத்திலும் நீட்டிப் பார்த்தான். எங்கேயும் காற்று இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அடுப்பு எதுவும் இல்லையே?"

"அதை எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. என்னடா, சூப்பர்வைசருக்குத் தம்பியா நீ?"

"இல்லண்ணே, கேட்டு வெச்சுக்கிறேன். இருந்தா இந்த மாதிரி அடைக்கக் கூடாது, கரிப்புகை உள்ளேயே நின்னு தூக்கத்துல ஆளைக் கொன்னுடும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கியே வைங்க. காஞ்ச காலுறை இருக்குல்ல? அதைப் போட்டுக்கிட்டுப் படுங்க."

"சரிடா, எங்க அம்மாகூட இவ்ளோ சொன்னதில்ல. போ."

கேட்டான், பதில் வந்தது, நம்பினான். படுக்கையின் அடியில் குனிந்து பார்த்திருக்கலாம். தன்னைவிட மூத்த மனிதர், இல்லை என்று வாயால் சொன்ன பிறகு அவர் கட்டிலுக்கடியில் கைவிட்டுத் தேடுவது எப்படி? மிச்ச டேப்பை டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

மலைப்பாதை ஓட்டுநர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைசியாகப் படுக்கப் போகிறவன், ஜோடி வண்டியின் கதவை ஒருமுறை தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள், அதால் தட்டுவார்கள். உள்ளே இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். மூட்டை இருட்டியபின் டயர்களையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பெருசின் கதவைத் தட்டினான்.

"செத்தாச்சு, போய்த் தூங்குடா!" என்று உள்ளேயிருந்து வந்தது. பெருசு தினமும் கொடுக்கிற குரல்தான்.

மூட்டை சிரித்துக்கொண்டு திரும்பியபோது டார்ச் வெளிச்சம் அந்தக் கேபினின் கூரையில் பட்டது. கூரையில் கிடந்த பனி ஓரத்தில் உருகி, கதவின் விளிம்பு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியது பாதியிலேயே உறைந்து கண்ணாடிக் குச்சியாகத் தொங்கியது. மூட்டைக்குப் பெருமையாக இருந்தது. அடைத்த அடைப்பு அப்படி. உள்ளே சூடு எப்படி நிற்கிறது பார்! இனி அந்தக் காலுக்குப் பயமில்லை. அதை நினைத்தபடியே தன் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

கால்சட்டைக்கு மேல் கால்சட்டை, காய்ந்த காலுறை, வெந்நீர்ப் பை, அக்கா தைத்த திரை. படுத்தவுடன் சூடு வந்துவிடாது. முதலில் போர்வையே உடம்பிலிருந்து சூட்டைப் பிடுங்கும். அதுவரை முழங்காலை மடக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக் காத்திருக்க வேண்டும். பிறகு முதுகில் ஓரிடத்தில் லேசாகத் தொடங்கி, தோள், இடுப்பு, தொடை என்று பரவும். பாதம்தான் கடைசி. அந்த இரவு பாதம்வரை சூடு வந்து சேர்ந்து, கண் செருகிய நேரத்தில், மூட்டையின் மனதில் அந்தச் சொட்டுகிற தண்ணீர் மறுபடியும் வந்தது.

பெருசின் கேபினைவிடத் தன்னுடையது நன்றாக அடைக்கப்பட்டது. இருந்தும் தன் கூரைமேல் கிடக்கிற பனி ஒருநாளும் உருகினதில்லை. ஓர் ஆளின் உடம்புச் சூடு கூரைப் பனியை உருக்காது. அப்படியானால் அங்கே மட்டும் ஏன் உருகியது?

அவனுக்கு விடை அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் உடனே எழவில்லை. இன்ஜின் சூடாக இருக்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. இன்ஜின் பிற்பகலிலேயே அணைந்துவிட்டது என்று இன்னொரு மனசு சொன்னது. குரல் கொடுத்தாரே, என்றது முதல் மனசு. இப்போது எழுந்தால் இந்தச் சூடு போய்விடும், திரும்பி வந்து படுத்தால் விடியும்வரை வராது. கண்ணாடியை ஒரு விரல் இறக்கியிருப்பார், சொன்னோமே. இப்படி எவ்வளவு நேரம் கிடந்தான் என்று அவனால் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம்தான் என்பான். அந்தக் கொஞ்சத்தைப் பற்றி யாரும் அவனிடம் மேற்கொண்டு கேட்டதில்லை.

பிறகு போர்வையை உதறிவிட்டு எழுந்தான். பூட்ஸை மாட்டிக்கொண்டு, டயர் கழற்றுகிற இரும்பு லிவரை எடுத்துக்கொண்டு குதித்தான்.

கதவைத் தட்டினான். பதில் இல்லை. முஷ்டியால் இடித்தான், அண்ணே அண்ணே என்று கத்தினான், உள்ளேயிருந்து ஒரு வசவு வராதா என்று காதை வைத்துக் கேட்டான். கதவு உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடி ஒரு விரல் அல்ல, ஒரு மயிரிழைகூட இறங்கியிருக்கவில்லை. லிவரால் ஓங்கி அடித்தான். இரண்டாவது அடியில் கண்ணாடி உடைந்தது. ஆனால் உள்ளே விழவில்லை. உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. அவன் விட்டுவிட்டு வந்த மிச்ச டேப். கண்ணாடியின் விளிம்பில் அவன் அடைக்காமல் விட்டிருந்த சந்தைப் பெருசு தன் கையாலேயே அடைத்திருந்தார்.

கையை விட்டுப் பூட்டைத் திறந்தபோது உள்ளேயிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. கோடைக்காலத்துக் காற்று. இருக்கைகளுக்கு நடுவே அந்த டப்பா, சாம்பலுக்கு அடியில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது.

பெருசு காய்ந்த காலுறை போட்டிருந்தார். போர்வையை இடுப்புவரை தள்ளிவிட்டிருந்தார், சூடு அதிகம் போல. முகம் நன்றாகத் தூங்குகிற குழந்தையின் முகம் மாதிரி சிவந்திருந்தது. மூட்டை அவருடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

அக்குள்களில் கைகொடுத்து இழுத்தான். கனத்த மனிதர். இழுக்க இழுக்க இவனுக்கே தலை சுற்றியது. ஒருமுறை கதவுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தான். கத்தல் கேட்டுப் பால் டேங்கர் ஓட்டுநர் போர்வையோடு ஓடி வந்தார். இரண்டு பேருமாக அவரைப் பனியில் இறக்கிப் போட்டார்கள். டேங்கர்காரர் நெஞ்சை அழுத்தினார். மூட்டை வாயில் வாய் வைத்து ஊதினான். மாறி மாறிச் செய்தார்கள். யாருக்குப் போன் செய்தாலும், ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம், பாதை திறந்தால்தான் வண்டி வரும் என்றார்கள். கடைசியில் டேங்கர்காரர் கையை எடுத்தார்.

"விட்டுடு தம்பி."

"இன்னும் சூடா இருக்காரு பாருங்க. கையைத் தொட்டுப் பாருங்க."

"அது அவர் சூடு இல்ல தம்பி. அடுப்போட சூடு."

மூட்டை கேட்கவில்லை. அந்தச் சூடு ஆறும்வரை ஊதிக்கொண்டேதான் இருந்தான்.

பாதை திறந்தபின் போலீஸ் வந்தது. அதிகாரி கேபினுக்குள் ஏறிப் பார்த்தார். பெடலுக்குக் கீழே டேப்பை விரலால் தட்டிப் பார்த்தார்.

"யாரு அடைச்சது? ஊசி போக இடமில்லாம அடைச்சிருக்கே."

"நான்தான் சார்."

"அடுப்பு?"

"அவரோடது. இல்லன்னு சொன்னாரு."

அதிகாரி நோட்டை எடுத்தார். எத்தனையோ வருடமாக அந்த ஓட்டைதான் அந்த மனிதருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த மூட்டை நடந்ததை நடந்தபடி அக்காவிடம் சொன்னான். அவள் சலவைக்கூடத்திலிருந்து வந்த கையோடு நின்றபடியே கேட்டாள்.

"பெருசோட சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"அடுப்புன்னு தெரியும். நான் அடைச்சதாலதான்னு தெரியாது."

"தெரிய வேணாம். நீ நல்லதுக்குத்தானே செஞ்சே? அடுப்பு இல்லன்னு அவரே பொய் சொன்னா நீ என்ன பண்ணுவே? போய் எதையாவது உளறி வெக்காதே. புருஷனை இழந்தவ வாயில விழாதே."

அவன் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனான்.

பெருசின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலையில் இருந்தாள். காரியங்கள் எல்லாம் முடிந்தபின் ஒருநாள், கணவரின் சாமான்களை எடுத்துப்போகக் கம்பெனி யார்டுக்கு வந்தாள். சூப்பர்வைசர் மூட்டையைக் கூப்பிட்டு, கூட இருந்து எடுத்துக்கொடுக்கச் சொன்னார். வண்டி யார்டின் கோடியில் நின்றது. உடைந்த கண்ணாடிக்குப் பதில் சாக்கு தொங்கியது. போர்வை, டம்ளர், முகம் மழிக்கிற சாமான்கள், ஒரு கால் மட்டும் தேய்ந்த செருப்பு என்று ஒவ்வொன்றாக அவன் இறக்கிக் கொடுக்க, அவள் ஒரு பெரிய பையில் அடுக்கினாள்.

"நீதானே மூட்டை?"

"ஆமா அண்ணி."

"அன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணாரு. எப்பப் பண்ணாலும் ஒரே புலம்பல்தான். குளிருது, கால் விறைக்குது, கம்பெனிக்காரன் நாசமாப் போகன்னு. அன்னைக்கு ஒருத்தரையும் திட்டல. ‘பய காத்தை அடைச்சுக் குடுத்துட்டான்டி, வீட்ல படுத்த மாதிரி இருக்கு'ன்னாரு." அவள் போர்வையை மடித்தாள். "நானும் நிம்மதியாத் தூங்கினேன் தம்பி. அவர் மலைக்குப் போனா குளிர்காலத்துல எனக்குத் தூக்கமே கிடையாது. அன்னைக்கு ஒரு ராத்திரிதான் தூங்கினேன். நீ நல்லா இருக்கணும்."

அதோடு விட்டிருக்கலாம். அவளும் அந்த நன்றியோடு பையை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அக்கா சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. ஆனால் மூட்டை அப்படிப்பட்டவன் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் விரிசல் விட்ட ஒன்றை வைத்து ஆணி அடித்து அனுப்பியவன் இல்லை.

"அண்ணி, நான் அடைச்சதாலதான் அவர் போனாரு."

அவள் நிமிர்ந்தாள். அவன் சொன்னான். பெடல் ஓட்டையைச் சொன்னான். அது கிடக்கட்டும் என்று பெருசு தடுத்ததைச் சொன்னான். கூரைப் பனி சொட்டியதைப் பார்த்துத் தான் பெருமைப்பட்டதையும், அதற்குப் பிறகு படுக்கையில் எழாமல் கிடந்ததையும்கூட மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, லோடு விவரம் ஒப்பிக்கிறவன் போல ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தான்.

அவள் மடித்த போர்வையைப் பைக்குள் வைத்தாள். யார்டில் எங்கேயோ ஒரு வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அடுப்பு இருந்தது எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "கரி வாங்கிப் பையில போட்டு அனுப்புறது நான்தான். உடைச்சு, சின்னச் சின்னதா, காகிதத்துல சுத்தி. பெரிசா இருந்தா பத்திக்க நேரமாகும்னுவாரு."

அவள் பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"எனக்கு உன்மேல கோபமில்ல தம்பி. சத்தியமா இல்ல. சொல்லாம இருந்திருந்தா உன்னைக் கும்பிட்டுட்டு இருந்திருப்பேன், அது இன்னும் அசிங்கம். ஆனா நீ வீட்டுப் பக்கம் வராதே. உன்னைப் பாத்தா எனக்குக் கரி அள்ளிப் போட்ட என் கைதான் ஞாபகம் வரும்."

"சரி அண்ணி."

பை கனமாக இருந்தது. பேருந்து நிறுத்தம்வரை அவன் தூக்கி வந்தான். அவள் இரண்டடி முன்னால் நடந்தாள். பேருந்து வந்ததும், "போதும், குடு" என்று வாங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரத்தில் இடம் இருந்தும் அவள் உள்பக்கம் உட்கார்ந்தாள்.

மூட்டை அதே கம்பெனியில் அதே பாதையில்தான் இன்றைக்கும் ஓட்டுகிறான். வேறு வேலை பார்க்கலாமே என்று அக்கா சொல்லிச் சலித்துவிட்டாள். மலையிலிருந்து இறங்கிச் சரக்குக் கிடங்குக்குப் போகிற நேர்வழி, பெருசின் வீடு இருக்கிற தெருவைத் தொட்டுக்கொண்டு போகும். அவன் அந்த வழியில் போவதில்லை. ஆற்றுப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறான். டீசல் ஏன் கூடுதலாகச் செலவாகிறது என்று சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். அவன் நின்று கேட்டுக்கொள்கிறான், திட்டு வாங்கிக்கொள்கிறான், அடுத்த தடவையும் பாலத்தைச் சுற்றியே போகிறான்.